144 ஹெர்ட்ஸ் திரையில் பழைய கேம்கள் துள்ளுவது ஏன்? ரெட்ரோ ஆர்ச் மென்பொருள்: ஒரு மதிப்பீடு

மதுரை டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் மானிட்டர் விலை விசாரிக்கும் இளைஞர்கள் இப்போது முதலில் கேட்பது அங்குலத்தை அல்ல, ஹெர்ட்ஸை, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை. 144, 165, 180 என்ற எண்கள் எல்லோருக்கும் பழகிவிட்டன. புதிய கேம்களுக்கு அந்த எண்கள் உண்மையாகவே பயன்படுகின்றன. ஆனால் அதே மானிட்டரில், நாம் சிறுவயதில் ஆடிய கேம்களை எமுலேட்டர் (பழைய கேம் பெட்டியைப் போலவே கணினியை நடிக்க வைக்கும் மென்பொருள்) மூலம் ஓட்டிப் பார்த்தவர்களில் பலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: பழைய 60 ஹெர்ட்ஸ் திரையில் சீராக நகர்ந்த காட்சி, புதிய திரையில் திக்கித் திக்கி நகர்கிறது. உடனே கணினியின் மீது சந்தேகம் விழுகிறது. ராம் கூட்டுகிறார்கள், கிராபிக்ஸ் கார்டை மாற்றுகிறார்கள், கடைசியில் எமுலேட்டரையே அழித்துவிட்டு வேறொன்றைப் பதிவிறக்குகிறார்கள். இவற்றில் எதுவும் பலன் தராது. கோளாறு கணினியின் சக்தியில் இல்லை. இரண்டு எண்கள் ஒன்றையொன்று மீதமின்றி வகுக்காததில் இருக்கிறது.

ரெட்ரோ ஆர்ச் என்ற மென்பொருளை இந்த ஒரு கோணத்திலிருந்து மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். எஸ்.எஸ்.என்.இ.எஸ் என்ற பெயரில் தொடங்கி 2012இல் இப்பெயரைப் பெற்ற இது, இலவசமானது. மூல நிரல் யாவருக்கும் திறந்திருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு உட்படப் பல தளங்களில் ஓடுகிறது. இது தனியொரு எமுலேட்டர் அன்று. ‘கோர்’ எனப்படும் பல எமுலேட்டர்களை ஒரே கூரையின் கீழ் இயக்கும் சட்டகம். கேம்கள் எதுவும் இதனுடன் வருவதில்லை. திரை வடிகட்டிகள், ஆன்லைன் ஆட்டம் என்று இதில் இன்னும் எத்தனையோ வசதிகள் உண்டு; அவற்றை விட்டுவிடுகிறேன். நகரும் படம் எவ்வளவு சீராக நகர்கிறது என்பது மட்டுமே இங்குப் பேச்சு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அமெரிக்க, ஜப்பானியப் பழைய கேம் பெட்டிகள் நொடிக்குச் சுமார் 60 பிரேம்களை, அதாவது 60 முழுப் படங்களை, வரைந்தன. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 144 முறை திரையைப் புதுப்பிக்கிறது. 144ஐ 60ஆல் வகுத்தால் 2.4 வருகிறது. அரைகுறையாக ஒரு பிரேமைக் காட்ட முடியாது. ஐந்து பேருக்குப் பன்னிரண்டு இட்லியைப் பிட்காமல் பரிமாறச் சொன்னால் இரண்டு பேருக்கு மும்மூன்றும் மற்ற மூவருக்கு இவ்விரண்டும்தான் வைக்க முடியும். இங்கும் அதுவே நடக்கிறது. சில பிரேம்கள் இரண்டு புதுப்பிப்புகளுக்கு, அதாவது 13.9 மில்லிநொடிக்கு, திரையில் நிற்கின்றன. சில பிரேம்கள் மூன்று புதுப்பிப்புகளுக்கு, அதாவது 20.8 மில்லிநொடிக்கு நிற்கின்றன. சராசரி 16.7 மில்லிநொடி என்று சரியாகத்தான் வருகிறது. ஆனால் கண் சராசரியைப் பார்ப்பதில்லை. இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்ற இந்த ஏற்ற இறக்கம் நொடிக்குப் பன்னிரண்டு முறை திரும்பத் திரும்ப வருவதால், அது ஒரு நடுக்கமாகவே கண்ணில் படுகிறது.

இதை நேரில் பார்க்க விரும்புபவர்கள் 1985ஆம் ஆண்டின் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமின் முதல் கட்டத்தைத் திறந்து, மாரியோவை மெதுவாக வலப்பக்கம் நடக்கவிட்டு, எதிரே வரும் பச்சைக் குழாயின் விளிம்பை மட்டும் கண்ணால் தொடர்ந்து பார்க்க வேண்டும். 144 ஹெர்ட்ஸில் அந்த விளிம்பு ஒரே கோடாக நிற்காமல், பக்கத்தில் இன்னொரு மெல்லிய நிழல்கோடு ஒட்டிக்கொண்டு நடுங்குவது போலத் தெரியும். மானிட்டரை 120க்கு மாற்றிவிட்டு அதே குழாயைப் பாருங்கள். விளிம்பு ஒரே கோடாக வழுக்கிக்கொண்டு வரும். என் அக்கா மகன் கல்லூரி மாணவன், மின்னல் வேகத் துப்பாக்கிக் கேம்கள் ஆடிப் பழகியவன். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டியபோது, “மாமா, நெசமாவே 120 தான் நல்லாருக்கு, 144ல குழாய் உதறுது!” என்று அவனே சொன்னான். பெரிய எண் தோற்று, சிறிய எண் வெல்லும் விசித்திரத்தை அவ்வளவு எளிதாக வேறு எதுவும் காட்டிவிடாது. மாரியோ மட்டும் போதாது என்று நினைப்பவர்களுக்கு ‘240பி டெஸ்ட் சூட்’ என்ற இலவசச் சோதனை நிரல் இருக்கிறது. அதில் கட்டங்கள் சீராக உருளும் ஒரு திரை உண்டு. நடுக்கத்தைப் பிடிப்பதற்கு அதைவிடக் கண்டிப்பான பரீட்சை எனக்குத் தெரிந்து இல்லை.

165 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்று பங்கீடு அமைவதால் துள்ளல் கொஞ்சம் குறைவு; ஆனாலும் இருக்கிறது. 75 ஹெர்ட்ஸில் நான்கில் ஒரு பிரேம் இரட்டிப்பு நேரம் நின்று போவதால் அதுதான் மிக மோசம். 90 ஹெர்ட்ஸ் கைபேசிகளில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாறி மாறி வருகிறது; கைபேசி அமைப்பில் 60 அல்லது 120ஐத் தேர்ந்தெடுத்துவிட்டால் சரியாகிவிடும். 120, 180, 240 ஆகியவை 60ஆல் மீதமின்றி வகுபடுபவை. இப்போது மலிவு விலையிலேயே 180 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் வருகின்றன என்பது பழைய கேம் பிரியர்களுக்கு நல்ல செய்தி.

சரி, ரெட்ரோ ஆர்ச் இங்கே என்ன செய்கிறது? முதலாவது, ‘ஸ்வாப் இன்டர்வல்’ என்ற அமைப்பு. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு பிரேமும் மிகச் சரியாக இரண்டு புதுப்பிப்புகளுக்கும், 180இல் மூன்றுக்கும், 240இல் நான்குக்கும் நிற்க வேண்டும் என்று இது கட்டளையிடுகிறது. வீடியோ பகுதியில் ஒத்திசைவுப் பிரிவுக்குள் இது இருக்கிறது. இதைத் தானியங்கியாக விட்டுவிட்டால், திரையின் வேகம் கேமின் வேகத்தின் முழு மடங்காக இருக்கும்போது மென்பொருளே சரியான எண்ணை எடுத்துக்கொள்கிறது. திரை 144இல் நின்றால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நாம்தான் விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் 120ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுத்திரையில் கேமுக்கு ஏற்பத் திரையின் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதியும் ரெட்ரோ ஆர்ச்சில் உண்டு; மானிட்டர் அந்த வேகத்தை ஏற்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இரண்டாவது விஷயத்தில்தான் இந்த மென்பொருளின் உண்மையான அருமை இருக்கிறது. பழைய பெட்டிகள் நொடிக்கு 60 பிரேம் வரைந்தன என்று சற்றுமுன் சொன்னது ஒரு வசதிக்காகச் சொன்னது. நின்டெண்டோவின் பெட்டி வரைந்தது 60.0988. கேம் பாய் வரைந்தது 59.7275. இந்தச் சிறு பின்னத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 60.0988 பிரேம்களை வரைந்தால், ஏறக்குறையப் பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு பிரேம் உபரியாகி விழுந்துபோகும். கேம் பாயில் நான்கு நொடிக்குள் ஒருமுறை ஒரு பிரேம் இருமுறை காட்டப்படும். சீராக ஓடிக்கொண்டிருக்கும் காட்சி திடீரென்று ஒரு கணம் தடுமாறி மறுபடி ஓடும். சரி, திரையின் வேகத்துக்கே கேமை ஓட்டிவிடலாம் என்றால் ஒலி பழிவாங்குகிறது. கேம் தயாரிக்கும் ஒலியின் அளவும் ஒலி அட்டை விழுங்கும் அளவும் பொருந்தாமல், சிறிது நேரத்துக்கு ஒருமுறை ‘டப்’ என்று வெடிச்சத்தம் வரும். படம் சீராக வேண்டுமானால் ஒலி கெடும், ஒலி சீராக வேண்டுமானால் படம் கெடும் என்ற இந்த இக்கட்டு எமுலேட்டர்களைப் பல காலம் பிடித்து ஆட்டியது.

ரெட்ரோ ஆர்ச்சைத் தொடங்கிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ன்ட்சன் இதற்கு 2012இல் எழுதிவைத்த தீர்வு, படிக்கும்போதே மரியாதையை வரவழைப்பது. திரையின் வேகத்துக்குக் கேமை ஓட்டுவது. ஒலித் தாங்கலில் (ஒலி அட்டைக்குப் போகுமுன் ஒலி காத்திருக்கும் இடம்) எவ்வளவு ஒலி மிச்சம் நிற்கிறது என்பதை இடைவிடாமல் கவனித்து, அது நிரம்பப் போனால் ஒலியை மயிரிழை அளவு சுருக்குவது, வற்றப் போனால் மயிரிழை அளவு நீட்டுவது. இந்தத் திருத்தம் இயல்பு அமைப்பில் அரை சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அரை சதவீதச் சுதி மாற்றத்தைப் பயிற்சி பெற்ற காதுகூட ஆட்டத்தின் நடுவில் பிடிக்காது. நான் தலைக்கேட்பான் அணிந்துகொண்டு, நன்றாகப் பழகிய கேம் இசையை வைத்து வேண்டுமென்றே தேடிப் பார்த்திருக்கிறேன். எனக்கு எதுவும் அகப்படவில்லை. ஒலியும் வெடிக்கவில்லை, படமும் தடுமாறவில்லை. பயன்படுத்துபவர் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இவ்வளவு அக்கறை எடுத்துச் செய்யப்பட்ட வேலை இது.

ஆனால் இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. கேமின் வேகமும் திரையின் வேகமும் ஐந்து சதவீதத்துக்குமேல் விலகியிருந்தால் ரெட்ரோ ஆர்ச் அவற்றைப் பொருத்த முயல்வதில்லை. முயன்றால் கேம் கண்கூடாக வேகம் மாறிவிடும். மதுரையில் நாணயம் போட்டு ஆடும் வீடியோ கேம் கடைகளில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் ‘முஸ்தபா கேம்’ நினைவிருக்கும். கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட, அதன் நான்கு கதாபாத்திரங்களில் ஒருவனின் பெயரால் நம் ஊரில் அழைக்கப்பட்ட கேம் அது. அதன் வன்பொருள் நொடிக்குச் சுமார் 59.6 பிரேம் வரைந்தது. அது எல்லைக்குள் வசதியாக அடங்கிவிடுகிறது. மோர்ட்டல் காம்பாட் இயந்திரம் வரைந்ததோ 54.7. ஆர்-டைப் இயந்திரம் 55. இவை 60க்கும் பொருந்தாது, 120க்கும் பொருந்தாது, 144க்கும் பொருந்தாது; 55இன் மூன்று மடங்கான 165 மட்டுமே இவற்றுக்கு ஒத்துவரும்.

இப்படி எந்த எண் வந்தாலும் கவலையில்லாத நல்ல வழி, மாறும் புதுப்பிப்பு வேகம் கொண்ட மானிட்டர்தான். ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் என்ற பெயர்களில் விற்கப்படுவது இதுவே. திரை தன் சொந்தக் கடிகாரத்தை விட்டுவிட்டு, பிரேம் வரும்போது புதுப்பித்துக்கொள்கிறது. ரெட்ரோ ஆர்ச்சில் ‘சிங்க் டு எக்ஸாக்ட் கன்டென்ட் ஃப்ரேம்ரேட்’ என்ற ஒரு பொத்தானை இயக்கிவிட்டால், 54.7 பிரேம் வரும் கேமுக்கு மானிட்டர் அந்த வேகத்துக்கே வந்து நிற்கிறது. வேகத்தில் திருத்தம் இல்லை, சுதியில் திருத்தம் இல்லை. இயந்திரம் எப்படி ஓடியதோ அப்படியே. நல்ல மானிட்டரில் இதைப் பார்த்தபின் நிலையான 120க்குத் திரும்ப எனக்கு மனம் வருவதில்லை.

இதை வாங்கப் போகிறவர்கள் சில நடைமுறைச் செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது. மானிட்டர் தாங்கும் கீழ் எல்லையைப் பாருங்கள். பெரும்பாலும் அது 48 என்று இருக்கும், நமக்கு அதுவே போதும். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் பெட்டியில் வரும் எச்டிஎம்ஐ கேபிளோடு நின்றுவிடாமல் டிஸ்ப்ளே போர்ட் கேபிளைத் தனியாக வாங்குங்கள். 2019 முதல் அந்நிறுவனம் ஃப்ரீசிங்க் மானிட்டர்களை ஏற்றாலும், பல மானிட்டர்களில் அது டிஸ்ப்ளே போர்ட் வழியாக மட்டுமே வேலை செய்கிறது. வி.ஏ வகைத் திரைகள் சிலவற்றில் வேகம் மாறும்போது இருண்ட காட்சிகள் மினுக்குவதும் உண்டு. பழைய கேம்களின் வேகம் மாறாமல் ஒரே எண்ணில் நிற்பதால், ஆட்டத்தின் நடுவே அந்த மினுக்கல் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை.

நம் ஊருக்கென்று இதில் தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்க வாசகருக்காக எழுதப்படும் வழிகாட்டிகளில் அதற்கு அதிக இடம் கிடைப்பதில்லை. 1990களில் நம் வீடுகளில் இருந்த தொலைக்காட்சிகள் ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தவை. நொடிக்கு 50 முறை புதுப்பிப்பவை. பொங்கல் காசைச் சேர்த்து வாங்கிய ‘டிவி கேம்’ பெட்டிகளும் பெரும்பாலும் அந்த 50க்கு ஏற்பச் செய்யப்பட்ட நகல்கள்தான். மஞ்சள் நிறக் கேசட்டைச் செருகி நாம் ஆடிய மாரியோவும் கான்ட்ராவும், ஜப்பானியச் சிறுவர்கள் ஆடியதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. இசையின் சுதி ஏறக்குறைய அப்படியே இருந்தது. தாளம் மட்டும் தளர்ந்து வந்தது. எமுலேட்டரில் முதன்முறையாகக் கான்ட்ராவை ஓட்டும் நம்மவர்கள், ‘நான் ஆடியது இவ்வளவு வேகமாக இல்லையே’ என்று திகைப்பதன் காரணம் வயதாகிவிட்டது அன்று. அவர்களின் நினைவு சரியானது.

ரெட்ரோ ஆர்ச்சில் எஃப்.சி.இ.யு.எம்.எம் என்ற கோரை எடுத்து, அதன் பிராந்திய அமைப்பில் ‘டெண்டி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 1990களில் ரஷ்யாவில் விற்ற ஒரு நகல் பெட்டியின் பெயர் அது. நம் பெட்டிகளும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே. கேம் உடனே அந்தப் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் இப்போது 50ஐத் திரையில் பங்கிட வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஐந்து பிரேமுக்கு ஒருமுறை ஒன்று இரட்டித்துக் குலுக்கி எடுக்கும். 120இலும் சீராகாது. 100, 150, 200 ஆகிய வேகங்களில் மட்டும் மீதமின்றி அமையும். பல மானிட்டர்கள் 100ஐ ஏற்கின்றன. மாறும் வேகம் கொண்ட திரையில் இந்தக் கவலையே வேண்டாம். 50 என்பது 48க்கு மேலே இருப்பதால் நேராக ஏற்றுக்கொள்ளும். கான்ட்ராவின் முதல் கட்டத்தை இந்த வேகத்தில், துளிக்கூடத் துள்ளாமல் ஆடிப் பார்த்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய என் விரல் பழக்கம் அப்படியே வேலை செய்தது. எதிரி குதித்து வரும் கணத்தை விரல் முன்கூட்டியே அறிந்திருந்தது. இந்த ஒரு அனுபவத்துக்காகவே இம்மென்பொருளைப் பரிந்துரைப்பேன்.

துள்ளலும் மங்கலும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரேம்கள் சீராக வந்தாலும், எல்.சி.டி திரை ஒவ்வொரு பிரேமையும் 16.7 மில்லிநொடி முழுக்க எரியவிட்டுக்கொண்டே இருக்கிறது. நகரும் பொருளைக் கண் தொடரும்போது அது விழித்திரையில் இழுபட்டு மங்குகிறது. பழைய குழாய் டிவி ஒரு கணம் மின்னி அணைந்ததால் இந்த மங்கல் அதில் இல்லை. ரெட்ரோ ஆர்ச்சின் ‘பிளாக் ஃப்ரேம் இன்செர்ஷன்’ 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு பிரேமுக்கு நடுவிலும் ஒரு கறுப்புத் திரையைச் செருகி, மங்கலைப் பாதியாக்குகிறது. பலன் கண்கூடு, விலையும் கண்கூடு. வெளிச்சம் பாதியாகிறது, திரை மினுக்குகிறது, எனக்கு நெடுநேரம் பார்த்தால் தலை வலிக்கிறது. 120இல் நெடுநேரம் இதை ஓட்டினால் சில எல்.சி.டி திரைகளில் காட்சியின் தடம் தற்காலிகமாகத் தங்கிவிடுவதும் உண்டு. 180 அல்லது 240 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர்கள், 2024 இறுதியில் வெளிவந்த, குழாய் டிவியின் கதிர் மேலிருந்து கீழே வருடுவதைப் போலச் செய்யும் வடிகட்டியைப் பார்க்கலாம்; கறுப்புத் திரையைவிடக் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். ரெட்ரோ ஆர்ச்சின் பட்டியல் அமைப்பு புதியவர்களை மிரட்டுகிறது. மேலே சொன்ன அமைப்புகள் வெவ்வேறு உட்பிரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றை இயக்கினால் இன்னொன்று பயனற்றுப் போகும் என்பதைப் பல இடங்களில் மென்பொருள் சொல்வதே இல்லை. ‘த்ரெடெட் வீடியோ’ என்ற அமைப்பு பலவீனமான கருவிகளில் வேகத்தைக் காப்பாற்ற உதவுவது. ஆனால் அது இயங்கும்போது பிரேம்களின் சீர் குலைகிறது. நல்ல கணினி வைத்திருப்பவர்கள் அதை அணைத்தே வைக்க வேண்டும். இவ்வளவு நுட்பமாக நேரத்தைக் கணக்கிடத் தெரிந்த மென்பொருள், முதன்முறை திறக்கும்போதே, ‘உங்கள் திரை 144இல் நிற்கிறது, இந்தக் கேம் துள்ளும், 120க்கு மாற்றட்டுமா’ என்று ஒரு வரி கேட்டிருந்தால் ஆயிரக்கணக்கானோரின் குழப்பம் தீர்ந்திருக்கும். இது இல்லாதது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

எல்லாத் துள்ளலுக்கும் இதைப் பொறுப்பாக்கவும் முடியாது. முதல் பிளேஸ்டேஷனின் முப்பரிமாண கேம்கள் பலவும் நொடிக்கு 30 பிரேமோ அதற்கும் குறைவாகவோதான் வரைந்தன. டெக்கன் 3 போல 60ஐத் தொட்டவை அதில் சிறுபான்மை. 20 பிரேமில் ஓடிய கேமை எந்த மானிட்டரில் ஓட்டினாலும் 20 பிரேம் போலத்தான் தெரியும்.

லேப்டாப் வாங்குபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில கேமிங் லேப்டாப்களின் திரை 60, 144 என்ற இரண்டு வேகங்களை மட்டுமே காட்டும், நடுவில் 120 இருக்காது. கிராபிக்ஸ் கார்டின் கட்டுப்பாட்டுப் பலகையில் புதிய வேகத்தை நாமே சேர்க்க முயலலாம். எல்லாத் திரைகளும் அதற்கு இணங்குவதில்லை. இணங்காவிட்டால் 60இல் ஆடுவதே 144இல் ஆடுவதைவிட நல்லது.

விண்டோஸில் ரெட்ரோ ஆர்ச்சை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டலாம். மானிட்டர் வாங்கப் போகும்போது 240பி டெஸ்ட் சூட்டையும் அதில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடையில் கணினியோடு இணைத்து வைத்திருக்கும் மானிட்டரில், கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, முதலில் விண்டோஸ் அமைப்பில் 100, 120 ஆகிய வேகங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, 120க்கு மாற்றிவிட்டு, உருளும் கட்டத்தை ஒரு நிமிடம் ஓட்டிக் கண்ணால் தொடருங்கள். பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எண் அச்சிட்டிருந்தாலும், கட்டத்தின் கோடுகள் நடுங்கினால் வேறு மானிட்டரைக் காட்டச் சொல்லுங்கள்.